எர்த் சரியில்லை

“முதல்ல இந்த நம்பரைத்தான் போடணும், தம்பி! என் பொண்ணுக்குத் தலைப்பிரசவம். வலி எடுத்திருச்சுன்னு மாப்பிள்ளை சொல்லி முடிக்கிறதுக்குள்ள லைன் போயிடுச்சு.”

வேனிலிருந்து டிஷ்ஷை இறக்கியவரிடம் கெஞ்சினாள், சாலைப் பணியாளர் முகாமின் சமையற்காரி. புயலில் செல்போன் கோபுரம் சாய்ந்துவிட்டதால், செயற்கைக்கோள் வழியாக இணைப்புக் கொடுக்க வந்திருந்தது அந்த வேன்.

“போட்டுடலாம்க்கா. ஆனா எர்த் கொடுக்காம ஸ்விட்ச்சைத் தொட மாட்டேன். வானம் மின்னுது பாருங்க.”

செம்புக் கம்பியொன்றை ஈரமண்ணில் அடித்து இறக்கினார். டிஷ்ஷிலிருந்து வந்த ஒயரை அதில் முறுக்கினார். கேபிளைப் பெட்டியில் செருகி, டிஷ்ஷை வானத்தை நோக்கித் திருப்பினார். பச்சை விளக்கு எரிந்தது.

“டெஸ்ட் பண்ணிட்டு வரேன்” என்று போனோடு வேனுக்குள் போனவர், திரும்பி வந்து அவள் முகத்தைப் பாராமலே சொன்னார்:

“எர்த் சரியில்லை. இன்னொரு கம்பி அடிக்கணும்.”

அடித்தார். வேனுக்குள் போனார். வந்தார். அதே கம்பியை மறுபடியும் அடித்தார்.

“பாதாளத்துக்கே லைன் கொடுக்கிறாரு போல!” என்றார், வரிசையில் நின்ற லாரி டிரைவர். “அங்க பாரு, அவரு மட்டும் போன்ல குசுகுசுன்னு பேசறாரு. பொண்டாட்டியா இருக்கும். நமக்குத்தான் எர்த் இல்ல!”

சமையற்காரிக்குப் பொறுக்கவில்லை.

“ஏன்ப்பா, நீயும் அக்கா தங்கச்சியோட பொறந்தவன்தானே? எம்பொண்ணு அங்க என்ன பாடு படறாளோன்னு நான் செத்துக்கிட்டிருக்கேன். உனக்குச் சொந்தப் பேச்சு கேக்குதா?”

அவர் மழையில் நனைந்தபடி மீண்டும் சுத்தியலை எடுத்தார்.

அடுத்த முறை வேனிலிருந்து ஓடியே வந்தார்.

“அக்கா, லைன் கிடைச்சிடுச்சு! பேசுங்க!”

“அத்தை, பொண்ணு பொறந்திருக்கா! தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க!”

அவளுக்குக் கண்ணீர் பொங்கியது. கூடவே கோபமும்.

“இதைக் கேக்க எவ்வளவு நேரமாத் தவிச்சேன், மாப்பிள்ளை! இந்தப் பாழாப்போன எர்த்து…”

“எந்த எர்த்து, அத்தை? லைன் போட வந்தவரு அப்பவே எங்கிட்ட பேசிட்டாரே! அவளை ஆபரேஷனுக்குக் கொண்டுபோன நேரம். ‘எதுவும் சொல்ல முடியாது’ன்னு டாக்டர் கைவிரிச்சிட்டாரு. நான் அழுதுட்டேன். ‘நல்ல சேதி வரட்டும், அப்புறம் அக்காகிட்ட கொடுக்கறேன்’னாரு. அதுலயிருந்து விடாமக் கூப்பிட்டுக் கேட்டுக்கிட்டே இருந்தாரு!”

அவள் திரும்பிப் பார்த்தாள்.

இத்தனை நேரம் அடித்த இரண்டாவது கம்பியை அவர் சேற்றிலிருந்து பிடுங்கிக்கொண்டிருந்தார்.

அதில் ஒயரே மாட்டியிருக்கவில்லை.