நாற்பது பேருக்கு ஒரு அம்மா

“நாற்பது பேருக்கும் ஒரே அம்மாவா?”

ஆங்கில வாத்தியார் அசைன்மென்ட் கட்டை மேஜையில் போட்ட வேகத்தில் முன் பெஞ்சே ஒரு துள்ளு துள்ளியது. கடைசி மணி அடித்துப் பத்து நிமிடமாகியும் கல்லூரியில் அந்த வகுப்பை மட்டும் அவர் விடவில்லை. அறையைக் கூட்டுகிற அக்கா வழக்கம்போலப் பாடம் முடியட்டும் என்று வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

தலைப்பு, ‘என் அம்மா’. நாற்பது தாளிலும் தையல் மிஷின்மேல் தலை வைத்துத் தூங்குகிற அதே அம்மா. பிள்ளைக்கு ஒன்பது வயதாகும்போது காய்ச்சலில் இறந்துபோகிறாள். அத்தோடு பிள்ளையின் பள்ளிக்கூடமும் நின்றுபோகிறது.

“ஏம்ப்பா மூணாவது பெஞ்சு! போன வாரம் உங்கம்மா வந்து என்கிட்ட அரை மணி நேரம் சண்டை போட்டாங்களே, அவங்களையா சாகடிச்சே?”

“ஐயோ, அப்படியா சார் எழுதியிருக்கு?”

“எழுதினது நீதானேடா!”

“எழுதினேன் சார். படிக்கல.”

வாத்தியாருக்குத் தலையிலடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. நோட்ஸை உருப்போடுவதை ஒழித்து, வாரம் ஒரு கட்டுரை, எழுதியதையே எழுந்து நின்று ஆங்கிலத்தில் பேசுவது என்று கொண்டுவந்தவர் அவர்தான். ஆறு மாதமாகத் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியதுதான் மிச்சம்.

காலையில் முதல்வர் கூப்பிட்டுக் கறாராகச் சொல்லிவிட்டார். “நாளைக்கு நானே வகுப்புக்கு வர்றேன். ஒருத்தராவது சொந்தமா எழுதினதைப் பேசிக் காட்டணும். இல்லேன்னா இந்தக் கூத்தை நிறுத்திட்டுப் பழையபடி நோட்ஸ் கொடுங்க.”

அதனால்தான் இதை முதலில் எழுதியது யாரென்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். ஆங்கிலத்தில் அங்கங்கே தப்பு இருந்தது. ஆனால் அது எங்கிருந்தும் சுட்டதல்ல, யாரோ ஒருவர் தன் அம்மாவை நினைத்து எழுதியது.

“நீ யாரைப் பார்த்து எழுதினே?”

“இவளைப் பார்த்து சார்.”

“நீ?”

“முன் பெஞ்சு சார்.”

விசாரணை பெஞ்சு பெஞ்சாக நகர்ந்து வகுப்புத் தலைவியிடம் வந்து நின்றது. அப்பாடா, ஆள் அகப்பட்டாள் என்று வாத்தியார் நிமிர்ந்தார்.

“நான் எழுதல சார்.” அவள் நோட்டுக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். “திங்கட்கிழமை காலையில இது உங்க மேஜைமேல இருந்துச்சு. பேர் இல்ல. நீங்க மாதிரிக்கு எழுதி வெச்சதுன்னு நினைச்சு, போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பிட்டேன்.”

அவருக்குத் தெரியாத கையெழுத்து. குண்டு குண்டாக, அழுத்தி அழுத்தி எழுதியிருந்தது.

“யாருதுன்னு சொல்லுங்க. திட்ட மாட்டேன். நாளைக்கு முதல்வர் முன்னாடி பேச எனக்கு ஒருத்தர் வேணும், அவ்வளவுதான்.”

எல்லாரும் பையை மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்தார்கள்.

“சரி, போங்க. எல்லாரும் போய்த் தொலைங்க.”

நொடியில் வகுப்பு காலியானது. இத்தனை பேரில் ஒருவருக்குக்கூட ஒட்டவில்லையே என்று அவருக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. நாளையிலிருந்து மறுபடியும் நோட்ஸ்தான்.

துடைப்பம் உள்ளே வரும் சத்தம் கேட்டது.

“இருங்கக்கா, எழுந்துடறேன்” என்றார்.

அக்கா துடைப்பத்தைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்தபடி மேஜையருகே வந்தார். வாத்தியார் கையிலிருந்த தாளையே பார்த்தார்.

“ஆறு மாசமா வாசல்ல நின்னு கேட்டுக் கேட்டு எழுதினது சார். பேர் எழுதத்தான் துணிச்சல் வரல. நாளைக்கு நான் பேசட்டுமா?”