பாங்குக்கு ஒன்பது நிமிடம்

இரத்தத்தை விழுங்கிவிடக் கூடாது.

அது ஒன்றுதான் அவள் மனதில் இருந்தது.

முதல் அறையில் கடைவாய்ப் பல் ஆடிவிட்டது. இரண்டாவதில் உதடு கிழிந்தது. வாய் நிறைய உப்பும் சூடுமாக ஊறிக்கொண்டே இருந்தது. கொண்டையைப் பிடித்துச் சுவரோடு சேர்த்து அழுத்தியிருந்தான் அவள் புருஷன் மசூது. துப்பினால் அவன் வெள்ளைச் சட்டையில்தான் விழும்.

விழுங்கினால் நோன்பு போய்விடும்.

விடியுமுன் எழுந்து பிடித்த நோன்பு. சுவர்க் கடிகாரத்தில் நோன்பு திறக்கும் பாங்குக்கு இன்னும் ஒன்பது நிமிடம் இருந்தது.

"சொல்லுட்டி. ஜமாஅத்துல எழுதிக் குடுத்தியா, இல்லையா?"

பள்ளிவாசலில் கஞ்சிக் கோப்பையின் முன்னால் உட்கார்ந்திருந்தவன் அவன். பக்கத்தில் இருந்த எவனோ காதைக் கடித்திருக்கிறான். உன் பெண்டாட்டி உன்னோடு வாழ மாட்டேன் என்று ஜமாஅத் பஞ்சாயத்தில் மனு கொடுத்திருக்கிறாளாமே என்று. கோப்பையை அப்படியே வைத்துவிட்டு வந்தான். தெருக்கதவைத் தாழ் போட்டான். பிறகுதான் முதல் அறை.

மசூதின் நோன்பில் யாரும் குறை சொல்ல முடியாது. எச்சில் தொண்டைக்குள் போய்விடுமோ என்று நாள் முழுக்கத் துப்பிக்கொண்டே இருப்பான். கைக்கு மட்டும் அவன் நோன்பு வைத்ததில்லை.

அவள் பேசவில்லை. வாயைத் திறந்தால் கொட்டிவிடும்.

அவன் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டான்.

முழங்கால் அவள் வயிற்றில் இறங்கியது. மூச்சு அறுந்தது. தொண்டை தானாகத் திறக்கப் பார்த்தது. அவள் அதை மூடினாள். கண்ணில் நீர் வந்தது, மூக்கில் இரத்தம் வந்தது, தொண்டையை மட்டும் திறக்கவில்லை.

"இல்லேன்னு சொல்லு. விட்டுர்றேன்."

பிடியைக் கொஞ்சம் தளர்த்தினான். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினால் போதும்.

எத்தனை 'இல்லை' சொல்லியிருக்கிறாள் இந்தப் பதினோரு வருடத்தில். அவன் அடித்தானா என்று வாப்பா கேட்டபோது இல்லை. குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்று மருத்துவரிடம் ஒரு கதை. பொய்தான் அவளைக் காப்பாற்றி வந்தது. அப்படித்தான் அவளும் நம்பியிருந்தாள்.

இந்த ரமலான் பிறை கண்ட அன்று மனதுக்குள் உறுதியாக நிய்யத் வைத்துக்கொண்டாள். வயிற்றோடு நாக்குக்கும் நோன்பு. பொய்யை விடாதவனுக்குப் பசிதான் மிச்சம் என்று பெண்களுக்கான பயான் சொற்பொழிவில் கேட்டது அவளைக் குடைந்துகொண்டிருந்தது. இத்தனை வருடமும் வெறும் பட்டினியா கிடந்தோம்?

பன்னிரண்டாம் நோன்பில், கை எப்படி வீங்கியது என்று ஜமாஅத் செயலாளரின் மனைவி கேட்டாள். அவள் பொய் சொல்லவில்லை. உண்மை ஒருமுறை வெளியே வந்ததும் மனு எழுதுவது பெரிய காரியமாகத் தெரியவில்லை.

தலையை ஆட்டாமல் அவனைப் பார்த்தாள்.

நெற்றி சுவரில் மோதியது. ஒருமுறை. இன்னொரு முறை. சுண்ணாம்பு உதிர்ந்து இமையில் விழுந்தது.

விரிப்பில் பேரீச்சம்பழத் தட்டின் முன் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்த மாமி தலை நிமிர்ந்தாள்.

"நோன்போட அடிக்காதடா மசூது. பாங்கு சொல்லட்டும். பொறவு கேட்டுக்கோ."

உம்மா சொன்னது அவனுக்கு நியாயமாகப் பட்டது. கையை எடுத்தான்.

அவள் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். எழுந்து கழுவுதொட்டிக்குப் போகக் கால் வரவில்லை. பாங்கு சொன்னால் அவள் வாய் திறக்கலாம். பாங்கு சொன்னால் அவன் கையும் ஓங்கலாம். அது சீக்கிரம் வர வேண்டும் என்று கேட்பதா, வரவே கூடாது என்று கேட்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. பயமாக இருந்தது. செத்துப்போவோம் என்றுகூடத் தோன்றியது.

அல்லாஹு அக்பர்.

மசூது விரிப்பில் உட்கார்ந்து இரண்டு கையும் ஏந்தி துஆ ஓதினான். பழத்தை வாயில் போட்டான். மாமியும் போட்டாள். அந்த நேரத்தில் யாராவது எட்டிப் பார்த்திருந்தால், அடக்கமான குடும்பம் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

அவள் சுவரைப் பிடித்து எழுந்தாள். தொட்டியில் துப்பினாள். சிவப்பாக விழுந்தது, கூடவே பல்லும். மூன்று முறை கொப்பளித்தாள். பிறகு ஒரு குவளைத் தண்ணீரைக் கிழிந்த உதட்டில் வைத்துக் குடித்தாள். எரிந்தது. நெஞ்சு வரை குளிர்ந்தது. பாங்கு வரை ஒரு சொட்டு இரத்தமும் உள்ளே போகவில்லை, ஒரு பொய்யும் வெளியே வரவில்லை.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். இவ்வளவு மனசாரச் சொல்லி அவளுக்கு நினைவில்லை.

"நோன்பு தொறந்தாச்சுல்ல" என்று மசூது எழுந்தான். "இப்ப சொல்லு."

இனி பொய் சொன்னாலும் இன்றைய நோன்புக்குக் கேடில்லை. 'இல்லை' நாக்கின் நுனியில் வந்து நின்றது, பதினோரு வருடப் பழக்கம்.

அவள் தெருக்கதவை நோக்கி நடந்தாள். அவன் பின்னால் வரும் காலடி கேட்டது. தாழை இழுத்தாள்.

வீட்டில் நோன்பு திறந்த ஆண்கள் தொப்பியை மாட்டிக்கொண்டு மஹ்ரிப் தொழுகைக்கு விரைந்துகொண்டிருந்தார்கள். தெரு நிறைய ஆட்கள். அவள் முக்காட்டை இழுத்து முகத்தை மூடவில்லை.

"ஆமா மச்சான்" என்றாள், தெருக்கோடி வரை கேட்கும்படி. "எழுதிக் குடுத்துட்டேன்."

முதலில் ஒருவர் நின்றார். பிறகு அவர் பின்னால் வந்தவர்கள்.

மசூதின் கை அவள் தலைக்கு மேல் ஓங்கியபடி இருந்தது.

பள்ளிவாசலில் கூட்டுத் தொழுகைக்கு இகாமத் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். தெருவில் ஒருவரும் நகரவில்லை.