முப்பத்து நாலு அடி கட்டர்

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, லோரெட்டா சாபோவின் மோதிரப் பட்டறை வாசலில் ஓர் இன்ஸ்பெக்டர் வந்து நின்றார். மின்சார வேலைகளைச் சோதித்துச் சான்று கொடுக்கும் கவுண்டி என்னும் மாவட்ட அலுவலகத்திலிருந்து வருவதாகச் சொன்னார். கழுத்தில் தொங்கிய அட்டையில் வென்டெல் க்ரோஸ் என்று பெயர் இருந்தது.

லோரெட்டாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஒஹாயோவின் அந்த மூலையில் பள்ளிப் படிப்பை முடிக்கும் பிள்ளைகள் விரலில் மாட்டிக்கொள்ளும் தங்க மோதிரமெல்லாம் அவர் பட்டறையில்தான் தயாராகும். பள்ளி முடியும் மே மாதம் நெருங்கிவிட்டது. புது இயந்திரங்களுக்கு மின்சாரம் இழுத்தாயிற்று. சான்று ஒன்றுதான் பாக்கி.

“அடுத்த செவ்வாய்தான் வருவாங்கன்னு சொன்னாங்க! கவுண்டி ஆளு நாலு நாள் முன்னாடியே வந்துட்டாரு, உலகம் அழியப்போவுது போல!” என்று எலக்ட்ரீஷியன் டுவேன் ப்ரோஹாஸ்காவுக்குப் போன் போட்டார்.

டுவேன் முப்பத்தோரு வருட அனுபவசாலி. அவர் செய்த வேலை ஒன்றுகூடச் சோதனையில் தோற்றதில்லை. திறமை என்பார்கள் சிலர். சோதனைக்கு வருகிறவர்களுக்கு அவர் தவறாமல் வாங்கி வரும் ஒரு டஜன் டோநட் என்பார்கள், அவரை நன்றாகத் தெரிந்தவர்கள்.

அன்று அவசரத்தில் ஆறுதான் கிடைத்தது. இன்ஸ்பெக்டர் அதையும் தொடவில்லை. நேராகக் கீழ்த்தளத்து மீட்டர் அறைக்குப் போனார். மீட்டர் போர்டிலிருந்து கிளம்பிச் சுவரோடு ஓடிய நீளமான தகரப் பெட்டியை டேப் வைத்து அளந்தார்.

“இது என்ன?”

“வயர்வே சார். ஒயருங்க போற பாதை.”

“இது கட்டர்.”

“கட்டரா? அது கூரையில மழைத் தண்ணி போறதுக்குல்ல சார்?”

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை.

“தகரம் ரெண்டும் ஒண்ணுதான். செய்யற வேலையை வச்சுத்தான் பேரு. ஒரு எடத்துலேருந்து இன்னொரு எடத்துக்கு ஒயரைக் கொண்டு போனா வயர்வே. எவ்வளவு நீளம் வேணா ஓடலாம். போர்டுக்குள்ள எடம் பத்தாம, அதுக்கு வால் மாதிரி ஒட்டவச்சா கட்டர். முப்பது அடியைத் தாண்டக் கூடாது. உங்க வாலு முப்பத்து நாலு.”

“நாலு அடிதான சார்...”

“நாலு அடின்னா பரவாயில்லைன்னு விதிப் புத்தகத்துல எங்கயும் போடலை. முன்னூத்தி அறுபத்தாறாவது பிரிவு.” மூடியைத் திறந்தவர் உள்ளே எட்டிப் பார்த்தார். “அட, கட்டருக்குள்ள ஸ்விட்ச் வேற! இதுவும் கூடாது.”

சிவப்புச் சீட்டு ஒன்றை எடுத்துப் போர்டில் ஒட்டினார். “மெயினை இறக்குங்க. திங்கக்கிழமை நான் வந்து பாக்கற வரைக்கும் பட்டறைக்குள்ள ஒரு ஆள் இருக்கக் கூடாது.”

லோரெட்டாவுக்கு அழுகையே வந்துவிட்டது. “ஏம்ப்பா டுவேன், எரநூறு பிள்ளைங்க மோதிரம் பாதியில நிக்குது. உன்னை நம்பினதுக்கு நல்லா செஞ்சுட்டப்பா!”

டுவேன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு இன்ஸ்பெக்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரே ஒரு சந்தேகம் சார். பெட்டிக்குள்ள ஒயர் எவ்வளவு அடைக்கலாம்?”

“உள்ளிடத்துல அஞ்சுல ஒரு பங்கு. மிச்சம் காத்துதான்” என்றார் இன்ஸ்பெக்டர், கண்ணைக்கூட இமைக்காமல்.

டுவேனின் முகம் வெளுத்துப்போனது.

“மேல இன்னொரு மூடி இருக்கு சார். நீங்க இருங்க, ஏணி கொண்டாறேன்.”

லோரெட்டாவின் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார். இரும்புக் கதவைச் சாத்தினார். பூட்டினார்.

“டுவேன்! அரசாங்க அதிகாரியை உள்ள வச்சுப் பூட்டறியே, புத்தி கெட்டுப்போச்சா உனக்கு?”

“சத்தம் போடாதீங்க லோரெட்டா.” டுவேன் கைப்பேசியில் யாரையோ அழைத்தார். “ரஸ், லோரெட்டா பட்டறையில இருக்கேன். மீட்டர் ரூம்ல ஒருத்தனைப் பூட்டி வச்சிருக்கேன். அவனுக்கு எல்லாமே தெரிஞ்சிருக்கு! வெளிய விட்டா தொலைஞ்சோம். இன்னொரு ஆளைக் கூட்டிட்டுச் சீக்கிரம் வா.”

உள்ளேயிருந்து கதவு தடதடத்தது. லோரெட்டா மாடிப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நாலு அடித் தகரத்துக்காக ஓர் உயிரா?

எட்டு நிமிடத்தில் ரஸ் வந்தார். ஆறடி நாலங்குலம். வியாழன்தோறும் டுவேனோடு போலிங் விளையாடும் கூட்டாளி. உள்ளூர் போலீஸ் தலைவரான ஷெரீஃபின் உதவி அதிகாரி. சீருடையிலேயே வந்திருந்தார். கூட வந்தவரும் அப்படியே.

கதவைத் திறந்து, அட்டையை வாங்கி, கவுண்டி அலுவலகத்துக்குப் போன் போட்டார்கள். கால் மணி நேரத்தில் விலங்கு மாட்டப்பட்டது, இன்ஸ்பெக்டருக்கு.

அவன் இண்டியானா சிறையிலிருந்து போன ஆகஸ்டில் வெளியே வந்தவன். ஏற்கெனவே இரண்டு நகைப் பட்டறைகளில் சிவப்புச் சீட்டு ஒட்டியிருக்கிறான். மெயினை இறக்கினால் அலாரத்தின் பேட்டரி ஒரு நாள் தாங்கும். ஆள் இல்லாத மிச்ச வாரக்கடைசி அவனுடையது. சிறையில் நடந்த எலக்ட்ரீஷியன் வகுப்பில் அவன்தான் முதல் மாணவனாம்.

“அட்டை அச்சு அசலா இருக்கேடா. எங்க ஷெரீஃபே சலாம் போட்டிருப்பாரு. ஆளு டூப்புன்னு எப்படிடா கண்டுபிடிச்சே?” என்று கேட்டார் ரஸ்.

“முப்பத்தோரு வருஷமா கட்டரை வயர்வேன்னு சொல்லித்தான் நான் பாஸ் வாங்கறேன். கவுண்டி ஆபீஸ்ல ஒருத்தனுக்காவது ரெண்டுக்கும் வித்தியாசம் தெரிஞ்சிருக்கா?” என்றார் டுவேன்.