சொந்த வாகனம்

பைக் ஷோரூம் வேலைக்கான விண்ணப்பத்தில் சொந்த வாகனம் உண்டா என்று கேட்டிருந்தார்கள். உண்டு என்று எழுதினேன். பொய்யில்லை. பதினோராம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த சைக்கிள் இருந்தது.

முதல் நாளே மேனேஜர் சிரித்தார். "இதுக்குப் பேரு வாகனமாம்மா? பைக் வாங்க வர்றவன் வாசல்ல இதப் பாத்தா என்ன நினைப்பான்? இங்க நிறுத்தாத."

அங்கேயேதான் நிறுத்தினேன். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் இரண்டு டயரிலும் காற்று இருக்காது. ஆறு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

இன்றைக்கு வாட்ச்மேன் மரியசெல்வம் அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "நான்தான் பாப்பா காத்தப் புடுங்குறேன். சார் சொல்றாரு, நான் என்ன பண்ண?"

அவரைத் திட்டத் தோன்றவில்லை. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடியிலிருந்த மேனேஜர் அறைக்கு ஏறினேன். மேனேஜர் மேசைக்கும் எதிரே உட்கார்ந்திருந்த வாடிக்கையாளருக்கும் நடுவே ஸ்டாண்ட் போட்டேன். நேற்று வாங்கிய பம்பைப் பையிலிருந்து எடுத்துக் காற்றடிக்க ஆரம்பித்தேன்.

"வெண்ணிலா, மொதல்ல இத வெளிய எடு. உனக்கு வேலை வேணுமா, வேண்டாமா?"

கட்டைவிரலால் முன் டயரை அழுத்திப் பார்த்தேன்.

"முன்னாடி ஆச்சு சார். பின்னாடி இன்னும் பாக்கி இருக்கு."