ஆல்பத்து மூக்கு

“மூக்கை அறுத்துக்கப் போறாளாம் உன் பொண்ணு! கேட்டுக்கோ!”

போட்டோ ஸ்டுடியோக்காரர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார். பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தது.

“அறுக்கறது இல்லைப்பா. நடுவுல மேடு மாதிரி இருக்கே, அதைக் கொஞ்சம் சமன் பண்ணுவாங்க. தழும்புகூடத் தெரியாது” என்றாள் மகள். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

“பரிசு வாங்கினா உங்க பொண்ணு. வம்பு பண்ணினா மட்டும் என் பொண்ணு” என்று முணுமுணுத்தபடி அம்மா தட்டை எடுத்தாள்.

“அது என் மூக்குடி! அப்படியே அச்சு! இதை வச்சுக்கிட்டு எனக்குக் கல்யாணம் ஆகலையா? உங்கம்மா என்ன, மூக்கைப் பார்த்துட்டு ஓடியா போயிட்டா?”

“ஓட விட்டாத்தானே?” உள்ளேயிருந்து குரல் வந்தது.

மகள் சிரித்துவிட்டாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

“இப்ப இருக்கற பொண்ணுங்களுக்கு என்னதான் ஆச்சு? ஒருத்தி உதட்டை உப்ப வச்சுக்கறா. இன்னொருத்தி தாடையைச் செதுக்கிக்கறா. போன வாரம் மூணு பேர் சேர்ந்து பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வந்தாங்க. கவரை மாத்திக் கொடுத்துட்டேன். ஒருத்தியாவது கண்டுபிடிக்கணுமே! பேசாம வாங்கிட்டுப் போயிட்டாங்க!”

“வீடியோ மீட்டிங்ல பக்கவாட்டுல திரும்பவே கூச்சமா இருக்குப்பா. உங்களுக்கு அது புரியாது.”

“கடவுள் கொடுத்த முகம். அதுல கை வைக்க நமக்கு என்ன உரிமை இருக்கு? இரு, வர்றேன்.”

விறுவிறுவென்று உள்ளே போனவர், பீரோ மேலிருந்த ஆல்பங்களை அணைத்துக்கொண்டு வந்தார். மகள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

முதல் பக்கத்தைப் புரட்டியதுமே கோபம் பாதி இறங்கிவிட்டது.

“இதைப் பாரேன். ரெண்டு முன்பல்லும் விழுந்துடுச்சுன்னு வாயைத் திறக்கவே மாட்டேன்னுட்டே. கேமரா உறையைத் தலையில தொப்பி மாதிரி மாட்டிக்கிட்டு ஆடினேன். அப்பவும் சிரிக்கலை, கிராதகி!”

ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஸ்டுடியோவைத் திறந்தால் முதல் போட்டோ மகளுடையதுதான். சுழல் நாற்காலியில் உட்கார வைத்து, உயரம் போதவில்லையென்றால் தலையணையைச் செருகி, நீலத் திரைக்கு முன்னால் படம் எடுப்பார். வாடிக்கையாளர்கள் வாசலில் காத்திருப்பார்கள்.

“இது, நீயே கத்தரிக்கோலை எடுத்து முன்முடியை வெட்டிக்கிட்ட வருஷம்” என்றார்.

“அம்மா துரத்தித் துரத்தி அடிச்சாங்க. நீங்கதான் இருட்டு ரூம்ல ஒளிச்சு வச்சீங்க.”

“கேட்டா, ‘இங்கே வரவே இல்லையே’ன்னு முகத்துக்கு நேரா பொய் சொன்ன மனுஷன்!” கையைத் துடைத்துக்கொண்டே அம்மாவும் வந்து உட்கார்ந்தாள்.

மூன்று பேரும் ஒரே ஆல்பத்தின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள். இப்படி உட்கார்ந்து எத்தனை நாளாகிவிட்டது என்று அவருக்குத் தோன்றியது. மனசு நெகிழ்ந்துபோனது.

பள்ளிக்கூடம் முடித்தபோது எடுத்தது வந்தது. பிறகு கல்லூரியில் சேர்ந்த வருஷத்துப் படம். லேசாகத் திரும்பி, தோளுக்கு மேலாகப் பார்க்கும் மகள்.

“இதோ! இதைப் பார்த்துட்டுச் சொல்லு. இந்த முகத்துக்கு என்ன குறைச்சல்? எங்கேயாவது மேடு தெரியுதா?”

மகள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தெரியலைப்பா. அதான் இந்தப் படங்களை டாக்டர்கிட்ட எடுத்துட்டுப் போனேன்.”

“எதுக்கு?”

“காலேஜ் கடைசி வருஷம் வண்டியிலேர்ந்து விழுந்தேன் இல்லையா? அதுலதான் நேரா இருந்த மூக்கு இப்படி ஆயிடுச்சுன்னு நினைச்சேன். பழையபடி ஆக்கிக் கொடுங்கன்னு கேட்டேன்.”

ஸ்டுடியோக்காரரின் கை பக்கத்தைப் புரட்டாமல் அப்படியே நின்றது.

“அவர் என்ன சொன்னார்?” குரல் இறங்கியிருந்தது.

“ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். அடிபட்ட அடையாளமே இல்லை, இது உன் பிறவி வாகுன்னார். அப்புறம் லென்ஸ் வச்சுப் படத்தைப் பார்த்துட்டுச் சிரிச்சார். ‘உன் மூக்குக்கு ஒண்ணும் ஆகலைம்மா. இந்தப் போட்டோவில இருக்கற மூக்குக்குத்தான் யாரோ கம்ப்யூட்டர்லயே ஆபரேஷன் பண்ணியிருக்காங்க’ன்னார்.”

அம்மா நிமிர்ந்து கணவரைப் பார்த்தாள். அவர் ஆல்பத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“ஆபரேஷனுக்கு இன்னும் நாள் குறிக்கலைப்பா. வீட்டுல ஒருத்தரைக் கேட்கணும்னு சொல்லிட்டு வந்திருக்கேன்” என்றாள் மகள். குரலில் கோபம் இல்லை. “சொல்லுங்க. எந்த மூக்கு நல்லா இருக்கு?”

அவர் மெல்ல நிமிர்ந்தார். எதிரே அவள் முகம். இத்தனை வருஷம் கேமரா வழியாகவும் திரையிலுமாகப் பார்த்துப் பார்த்துச் சரி செய்த முகம்.

“உன்னோடதுதாம்மா. சத்தியமா.”

“அப்புறம் ஏன்ப்பா அழிச்சீங்க?”

அவர் ஆல்பத்தை மெல்ல மூடினார்.

“உன்னை யாரும் ஒரு குறை சொல்லிடக் கூடாதேன்னு... பயம்மா.”

மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்கும் அதே பயம்தான்ப்பா.”