மடுவத்தைத் தாண்டியவள்

மடுவத்தின் கதவு திறந்துதான் இருந்தது. அமிர்தநாதன் மாஸ்டரே அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆனாலும் சுலக்ஷனா உள்ளே வராமல் ஓடிப்போனாள்.

அவள் தலைக்கு மேல் குளவிக் கூட்டம்.

கால்மணி நேரத்துக்கு முன்புவரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பள்ளிக்கூடத்துக்கு மைதானம் கிடையாது. தேயிலைத் தோட்டத்து ரோட்டில்தான் பயிற்சி. அடுத்த வாரம் மாகாணப் போட்டி. சுலக்ஷனா ரோட்டில் ஓட, கொழுந்து நிறுக்கும் தகரக் கொட்டகையான மடுவத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த பெண்களுக்கு, ஜமைக்காக்காரர்கள் ஏன் ஓடி ஜெயிக்கிறார்கள் என்று மாஸ்டர் விளக்கிக்கொண்டிருந்தார்.

"அப்படி என்னதான் சாப்புடுறாங்க சார்?" என்றாள் சுலக்ஷனாவின் அம்மா நாகலெட்சுமி.

கிழங்கு என்பார்கள், தசை என்பார்கள், பரம்பரை என்பார்கள். அதெல்லாம் பாதிக் கதை என்றார் மாஸ்டர். அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓடுவதைப் பார்க்க ஸ்டேடியமே நிரம்புமாம். அடுத்த காரணத்துக்கு அவர் போவதற்குள், மேல்மலை மரத்திலிருந்த குளவிக்கூடு கலைந்துவிட்டது.

இப்போது கதவைச் சாத்தியாயிற்று. வெளியே தகரத்தில் மோதி மோதி இரைச்சல். போன வருஷம் பக்கத்துத் தோட்டத்தில் இரண்டு பேர் குளவி கொட்டிச் செத்தது எல்லோருக்கும் ஞாபகம் வந்தது.

நாகலெட்சுமி கதவை நோக்கிப் பாய்ந்தாள். நான்கு பேர் அவளை இழுத்துப் பிடித்தார்கள்.

"பத்தடியில கதவு. புத்தி எங்க போச்சு அந்தப் புள்ளைக்கு?" என்றாள் ஒருத்தி.

மாஸ்டர் அதற்கும் விளக்கம் வைத்திருந்தார். பயம் வந்தால் கால் ஓடும், மூளை நின்றுவிடும். வேகம் மட்டும் இருந்து என்ன, எங்கே போய் நிற்பது என்று தெரிந்து ஓடுகிறவர்கள்தான் ஒரு நாட்டுக்குப் பதக்கம் கொண்டுவருவார்கள் என்றார்.

இரைச்சல் அடங்கியதும் தேடிப் போனார்கள். மூன்று வளைவு தாண்டி, மலைத்தண்ணீர் கொட்டும் பீலிக்குப் பக்கத்தில் குப்புறக் கிடந்தாள். முதுகும் கழுத்தும் வீங்கிப் போயிருந்தன. தோட்டத்து லொறியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

சாயங்காலம் கண் திறந்தாள். இனிப் பயமில்லை என்றார் டாக்டர். மாஸ்டருக்கு நிம்மதியைவிடக் கேள்விதான் முந்திக்கொண்டது.

"கதவத் தொறந்து வச்சிக்கிட்டுத்தானே நின்னேன். கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சிச்சு சார்." வீங்கிய உதடு மெல்ல அசைந்தது. "உள்ள நீங்க எல்லாரும் இருந்தீங்க. கொளவி எம்பின்னாலதானே வந்துச்சு."