மேசைக்கு வாங்கிய பச்சைத் துணி

அலமாரியில் பச்சைத் துணி இல்லை.

கூடத்தில் தச்சர் இம்மானுவேல் சுத்தியலோடு காத்திருந்தார். பழைய பில்லியர்ட்ஸ் மேசையின் கற்பலகை மேல் அந்தக் கம்பளித் துணியை இன்று இழுத்து அடிக்க வேண்டும்.

கூடம் முழுக்க ஹுமாயூன் ஊர் ஊராக அலைந்து சேர்த்த சாமான்கள். ஆட்டக் கோல் செருகும் தாங்கி, புள்ளி எண்ணும் பலகை, உயரக்கால் நாற்காலி. கடைசியாகக் கிடைத்தது துணி. ராஜபாளையத்து மில் முதலாளி ஒருவர் வீட்டுப் பரணில் பிரிக்காமலே கிடந்த வெளிநாட்டுச் சரக்கு. இன்னொன்று கிடைக்காது.

அம்மா அதைப் போர்வை போட ஸ்ரீவில்லிபுத்தூர் தர்காவுக்கு எடுத்துப் போயிருப்பதாக மகள் நஸீபா சொன்னாள்.

நேர்ச்சைக்குப் பச்சைத் துணி வேண்டும். கைக்கு அகப்பட்டதை எடுத்துவிட்டாள் போல.

அடக்கத்தலத்தின் மேல் போர்த்திவிட்டால், திருப்பிக் கேட்க யாருக்கும் நாக்கு எழாது. அதற்குள் போயாக வேண்டும்.

பைக்கை விரட்டினான். வழியில் யாரும் கூப்பிட முடியாது; காலையில் மதுரை நம்பர் ஒன்று விடாமல் அடித்ததால் போனை அணைத்து வைத்திருந்தான். அந்த வெயிலிலும் சட்டையில் கழுத்துப் பட்டன்வரை போட்டிருந்தான்.

தர்காவுக்குள் நுழைந்தபோது துணி போர்த்தி, மல்லிகைச் சரமும் சாத்தியாகிவிட்டது.

வாசலோரம் உட்கார்ந்திருந்த மனைவி ரஹ்மத்துன்னிசாவிடம், அது மேசைக்கு வாங்கியது என்று தெரியாதா என்றான்.

தெரியும் என்றாள். நேர்ந்துகொண்டபோதே இந்தத் துணியைத்தான் நினைத்தாளாம். வீட்டில் அவன் உசிராக வைத்திருந்தது அது ஒன்றுதானே.

அப்படி என்ன நேர்ச்சை என்று கேட்டான்.

"மேசைக்கு மேல தொங்குத லைட்டப் பாக்கப் போறேன்னு மதுரைக்குப் போனிய. ஒவ்வொரு தடவையும் வெறுங்கையோட வந்திய. சாமான் பாக்கப் போயி வெறுங்கையோட திரும்புத ஆளா நீங்க? என்னமோ மறைக்கியன்னு அப்பமே நேந்துக்கிட்டேன்."

ஹுமாயூன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நீங்க போன எடுக்கலன்னு ஆஸ்பத்திரியில இருந்து எனக்குப் போட்டாவ. கெட்ட கட்டி இல்லையாம்."

அவன் கை மெல்ல மேலே போய்க் கழுத்துப் பட்டனைக் கழற்றியது. சோதனைக்குச் சதை எடுத்த இடத்துப் பிளாஸ்திரியின் மேல் காற்றுப் பட்டது.

துணியின் ஒரு மூலை சுருங்கிக் கிடந்தது. எழுந்து உள்ளே போய், மேசையில் இழுப்பதுபோல் அதைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டான்.